கச்சான் காற்றில் ஒரு கான்கிரீட் வீடு: தங்கச்சிமடத்தில் எங்களுக்கு வேலை செய்த குழு பற்றி

பாம்பனில் விசைப்படகு இன்ஜின் வேலை பார்க்கிறேன், இருபத்திரண்டு வருடமாக. துருவைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். 2017-ல் ஒரு மத்தியானம் என் வீட்டு சன்ஷேட் கழன்று, வாசலில் இருந்த மீன் கூடை மேல் விழுந்தது. கூடைக்குப் பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்து, அப்போதுதான் தண்ணீர் குடிக்க உள்ளே போயிருந்தார்கள்.

அந்த வீடு 2006-ல் கட்டியது. கட்டிய மேஸ்திரியைக் குறை சொல்லிப் பயனில்லை. அப்போது எங்கள் தெருவே அப்படித்தான் கட்டியது. போர் தண்ணீரில் கலவை, கம்பிக்கு அடியில் ஒரு ஜல்லித் துண்டு, கொத்தனாரின் கைக்கணக்கில் தண்ணீர். பத்து வருடத்தில் கம்பி போகும் தடத்திலேயே நீளமாகக் கீறல் விட்டது. அப்புறம் பழுப்புக் கறை. அப்புறம் காரை பாளம் பாளமாகப் பெயர்ந்தது. மூன்று தடவை சிமெண்ட் பூசி ஒட்டுப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் ஒட்டுக்குப் பக்கத்திலேயே புதிதாகப் பெயர்ந்தது. அழுகின தகட்டில் புதுத் துண்டு வெல்டு வைத்தால் வெல்டு ஓரம்தான் முதலில் போகும். இது தெரிந்தவனே மூன்று தடவை பணத்தைக் கொட்டினேன் என்று ஒத்துக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

2023 கடைசியில் இடித்துக் கட்டுவது என்று முடிவானது. 850 சதுர அடி, தரைத்தளம் மட்டும். வடகடல் எங்கள் வாசலிலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. வேலையை எடுத்தது உச்சிப்புளிப் பக்கத்து இளம் இன்ஜினியர் ஒருவரும் பரமக்குடிப் பக்கத்து மேஸ்திரி ஒருவரும் சேர்ந்து நடத்தும் சின்னக் குழு. பெயர் போடவில்லை. குறைகளும் எழுதப் போகிறேன் என்பதால் அதுதான் நியாயம்.

முதல் நாள் இன்ஜினியர் தம்பி டேப் எடுக்கவில்லை, சுத்தியலை எடுத்தார். பழைய மேல்தளத்தின் அடியில் ஏணி போட்டு ஏறி, அடிக்கு ஒரு தட்டு. நல்ல இடத்தில் "டங்" என்றது, கெட்ட இடத்தில் "பொத்" என்றது. பெயர்ந்த ஒரு துண்டை எடுத்து உடைத்து, அதில் ஒரு பாட்டிலிலிருந்து ஏதோ தெளித்தார். துண்டு முழுக்க ரோஸ் கலராக மாறியது. பினாப்தலீன். பள்ளிக்கூட லேபில் பார்த்ததுதான்.

"அண்ணே, கலர் மாறினா கான்கிரீட்ல காரம் இன்னும் இருக்குன்னு அர்த்தம். காரம் இருக்கிற வரைக்கும் கம்பி துருப்பிடிக்கக் கூடாது. ஆனா பிடிச்சிருக்கு. அப்ப வேலையைக் காட்டினது காத்து இல்ல, உப்பு" என்றார்.

பிறகு பொறுமையாக விளக்கினார். சிமெண்டின் காரத்தால் கம்பி மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் உண்டாகிறது, அதுதான் கம்பிக்குக் கவசம். மற்ற ஊர்களில் காற்றிலுள்ள கரியமில வாயு கான்கிரீட்டுக்குள் மெதுவாக இறங்கி, பல வருடம் எடுத்து அந்தக் காரத்தைக் குறைக்கும். இங்கே உப்பிலுள்ள குளோரைடு, காரம் இருக்கும்போதே படலத்தை ஓட்டை போட்டுவிடும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். உள்ளே இடம் இல்லாததால் காரையைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். எங்கள் வீட்டுக்கு அந்த உப்பு கடலிலிருந்து வரவேண்டிய அவசியமே இருக்கவில்லை. கலவைத் தண்ணீரிலேயே நாங்கள் ஊற்றி வைத்திருந்தோம்.

போர் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். லிட்டருக்கு 1,860 மில்லிகிராம் குளோரைடு. கான்கிரீட்டுக்கான இந்திய விதிநூல் ஐ.எஸ். 456, கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு அனுமதிப்பது 500. கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு 2,000 வரை போகலாம். தாளைப் பார்த்துவிட்டு, "கம்பி இல்லாத வெறும் கான்கிரீட், அந்த பிசிசிக்கு வேணா உங்க போரை ஓட்டுங்க. கம்பி இருக்கிற இடத்துக்கும் பூச்சு வேலைக்கும் ஒரு சொட்டு வரக்கூடாது" என்றார். பூச்சு எதற்கு என்று கேட்டேன். சுவரில் உப்புப் பூத்து பெயிண்ட் உரியும் என்றார். சரி, அது ஊரில் எல்லார் வீட்டிலும் இருக்கும் கதைதான்.

ஆக, நல்ல தண்ணீர் டிராக்டர் டேங்கரில் வந்தது. மொத்தம் 31 டேங்கர், ஒன்று 700 ரூபாய். கலவைக்கு மட்டும் இல்லை, நனைக்கிற தண்ணீரும் அதே தரத்தில்தான் இருக்க வேண்டும் என்பதால் இவ்வளவு. குடிக்கவே குடம் கணக்கில் வாங்கும் ஊரில் தளத்துக்கு மேலே நல்ல தண்ணீரைக் கட்டி வைத்ததைப் பார்த்து மைனி திட்டிய திட்டை எழுத முடியாது.

இவர்கள் வேலையில் எனக்கு மிகப் பிடித்தது கவர் விஷயம். கம்பிக்கும் கான்கிரீட்டின் வெளிப்புறத்துக்கும் நடுவில் இருக்கும் கனம்தான் கவர். அந்த விதிநூலில் கடலோரக் காற்று படும் இடம் 'கடுமை' என்ற வகையில் வருகிறது: கம்பிக்கு மேல் 45 மி.மீ. கவர், குறைந்தது எம்30 கான்கிரீட் (28 நாளில் சதுர மி.மீ.க்கு 30 நியூட்டன் தாங்குவது), கன மீட்டருக்கு 320 கிலோவுக்குக் குறையாத சிமெண்ட், தண்ணீர் சிமெண்டின் எடையில் 0.45-க்கு மேல் போகக்கூடாது. அலைத்துளியே வந்து படும் அளவுக்குக் கரையில் இருந்தால் அதற்கும் மேலே எம்35, 50 மி.மீ. என்று போகிறது. எங்களுக்கு அது தேவைப்படவில்லை. உப்புக் காற்று நேரே படாத உள்பக்கத்துக்கு 30 மி.மீ. போதும் என்பதால் தளத்தின் அடிப்பாகத்துக்கு மட்டும் அதை வைத்தார்கள். வெளிப்பில்லர், வெளி பீம், சன்ஷேட் எல்லாம் 45. அஸ்திவாரத்துக்கு 50. தளத்தின் கனத்தை 5 அங்குலத்திலிருந்து 6 ஆக்கினார்கள். கவரைக் கூட்டிவிட்டுக் கனத்தை அப்படியே வைத்தால் தளத்தின் பலம் குறையும், கணக்கை மாற்றித்தான் ஆகவேண்டும் என்றார் தம்பி.

மேல்பூச்சு இந்தக் கணக்கில் சேராது. நான் கேட்டேனே: "அரை இஞ்சு பூசுறோமே, அதையும் சேத்துக்கலாம்ல?" மேஸ்திரி என்னைப் பார்த்த பார்வையில் பதில் இருந்தது.

அந்த இடைவெளிக்காகக் கம்பிக்கு அண்டை கொடுக்கும் சின்னக் கட்டைதான் கவர் பிளாக். அதில் ஒன்றுகூடக் கடையில் வாங்கவில்லை. எம்30 கலவையிலேயே வார்த்து, நடுவில் கட்டுக்கம்பி செருகி, தொட்டித் தண்ணீரில் இரண்டு வாரம் ஊறப்போட்டார்கள். 45-க்கு ஒரு பக்கம் சிவப்புக் கோடு, 30-க்குக் கோடு கிடையாது. கம்பி கட்டும் பையன்களில் ஒருவன் பழக்க தோஷத்தில் ஜல்லியைச் செருகினான். மேஸ்திரி அதை உருவி அவன் சட்டைப் பையிலேயே போட்டுவிட்டார். அன்றைக்கு முழுவதும் அவன் அந்த ஜல்லியோடுதான் திரிந்தான்.

சன்ஷேட் எனக்குத் தனிக் கதை, விழுந்ததே அதுதானே. சுவரிலிருந்து தொங்கி நிற்கும் எதற்கும் முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். இழுவிசை மேலேதான். பழைய சன்ஷேட்டை உடைத்தபோது கம்பி அடியில் கிடந்தது. கலவை போடும்போது ஆள் ஏறி மிதித்துக் கீழே அமுக்கியிருப்பார்கள். பதினொரு வருடம் அது எப்படி நின்றது என்பதே ஆச்சரியம். புதியதில் இரண்டடி நீட்டத்தை ஒன்றரை அடியாகக் குறைத்து, கனத்தை 5 அங்குலமாகக் கூட்டி, மேல்கம்பியை, நாற்காலி மாதிரி வளைத்த கம்பி வைத்துத் தூக்கி நிறுத்தி, ஆள் நடக்கத் தனியாகப் பலகை போட்டார்கள். விளிம்பின் அடியில் விரல் பருமனுக்கு ஒரு காடி. மழைத் தண்ணீர் அடிப்பக்கமாக ஊர்ந்து சுவருக்கு வராமல் அங்கேயே சொட்டிவிடும். செலவே இல்லாத வேலை. ஆனால் தெருவில் வேறு எந்த வீட்டிலும் நான் பார்த்ததில்லை.

சிமெண்ட் விஷயத்தில் எனக்கும் தம்பிக்கும் சண்டை. சல்பேட் எதிர்ப்பு சிமெண்ட்தான் கடலோரத்துக்கு என்று ஊரே சொல்கிறது, நானும் அதைத்தான் பிடித்துக்கொண்டேன். அவர் இரும்பு ஆலைக் கசடு கலந்த ஸ்லாக் சிமெண்டுக்கு நின்றார். சல்பேட் எதிர்ப்பு சிமெண்டில் ஒரு குறிப்பிட்ட கூட்டுப்பொருளைக் குறைத்துவிடுகிறார்கள். உள்ளே வரும் குளோரைடில் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொள்வதே அந்தப் பொருள்தான். அதனால் கம்பிக்கு உப்புதான் எதிரி என்றால் அது சரியான மருந்து இல்லை. ஸ்லாக், கான்கிரீட்டின் நுண்துளைகளை அடைக்கும், ஆனால் மெதுவாக இறுகும். நான் விட்டுக்கொடுத்தேன். கடைக்காரர் கேட்ட உடனே தரவில்லை, வரவழைக்க ஒன்பது நாள் வேலை நின்றது. அந்த ஒன்பது நாளும் கூலி ஆட்களுக்கு அரைச் சம்பளம் என் பையிலிருந்துதான் போனது. ஒரு மாதம் முன்னாலேயே சொல்லியிருக்கலாம். குழுவின் மேல் என் முதல் வருத்தம் இது.

கம்பிக்கு ஏதாவது பூசலாமா என்றும் தம்பியிடம் கேட்டேன். காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் கம்பிக்கென்றே சிமெண்டும் பாலிமரும் கலந்த ஒரு பூச்சு உருவாக்கியிருக்கிறது, நம் பக்கத்து ஊர்க்காரர்கள் வேலை. எப்பாக்சி பூசின பச்சைக் கம்பியும் உண்டு. ஆனால் சைட்டில் வளைக்கும்போதும் இழுக்கும்போதும் எப்பாக்சியில் கீறல் விழுந்தால் அந்த ஒரு புள்ளியில் துரு குடியேறி ஆழமாகத் தின்னும். எங்கள் மூன்றரை டன் கம்பிக்கு அதையெல்லாம் கண்காணிக்க ஆள் போட முடியாது, அந்தப் பணத்தைக் கவரிலும் கலவையிலும் போடுங்கள் என்றார். புதுப் பாம்பன் பாலத்துக்கு ஸ்டெயின்லெஸ் கம்பி போட்டிருக்கிறார்களே என்றதற்குச் சிரித்தார். "அது ரயில்வே அண்ணே, நீங்க இன்னும் பேங்க்ல லோன் கட்டணும்."

சரி, தளம் போட்ட நாளுக்கு வருகிறேன். 2024 ஆனி. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசிக்கொண்டிருந்த நேரம். அது உப்பையும் கொண்டுவரும், ஈரத்தையும் உறிஞ்சும். விடியற்காலை நாலரைக்கு ஆரம்பித்தார்கள். தென்மேற்குப் பக்கம் முழுக்கப் பனை ஓலைத் தட்டி கட்டியிருந்தது. முந்தின நாள் சாயங்காலம் மேஸ்திரி கட்டி முடித்த கம்பியை விரலால் தடவி நாக்கில் வைத்துப் பார்த்தார். துப்பினார். "கழுவணும்." நல்ல தண்ணீரில் மொத்தக் கம்பியையும் அடித்துக் கழுவினார்கள். இந்த மனிதரை நம்பலாம் என்று எனக்கு அந்த இடத்தில்தான் தோன்றியது. கடலுக்குப் போய்வந்த வெளிப்பொருத்து இன்ஜினை நல்ல தண்ணீரில் ஓட்டிக் கழுவாமல் வைக்கிறவனிடம் நான் வேலையே வாங்கிக்கொள்வதில்லை.

எங்கள் தெருவுக்குள் ரெடிமிக்ஸ் லாரி நுழையாது. மிக்சர் மெஷின்தான். மூட்டைக்கு 22 லிட்டர் தண்ணீர், மணலில் ஈரம் இருந்தால் அதையும் கழிக்க வேண்டும். கலவை இளகுவதற்குத் தண்ணீருக்குப் பதில் மருந்து. பெயிண்ட் வாளியில் கோடு போட்டு வைத்திருந்தார்கள். காலை எட்டு மணிக்குத் தம்பி டீ குடிக்கப் போனார். மெஷின்காரர் அரை வாளி கூடுதலாகத் தட்டிவிட்டார். இழுக்கச் சுலபமாக இருக்கும் என்று சித்தாள்களும் சந்தோஷப்பட்டார்கள். திரும்பி வந்த தம்பி, இளக்கம் பார்க்கும் இரும்புக் கூம்பில் கலவையை நிரப்பி, கூம்பை மேலே தூக்கினார். கலவை தோசை மாதிரி படுத்துவிட்டது. நாலு அங்குலத்துக்கு மேல் சரியக்கூடாது என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கலவை முழுவதையும் தளத்தில் ஏற்றாமல் கொல்லைப்பக்கம் துணி துவைக்கும் தரையில் கொட்டச் சொன்னார். கடைசிப் பில்லில் அந்தக் கலவைக்கும் பாதிக் காசு போட்டிருந்தார்கள். ஏன் என்று கேட்டால், "துவைக்கிற தரை உங்களுக்குத்தானே அண்ணே" என்கிறார். கொடுத்தேன். மறக்கவில்லை.

மாலையிலேயே ஈரச் சாக்கு, மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர். சாதா சிமெண்டுக்கு ஒரு வாரம் போதும், ஸ்லாக்குக்கு இரண்டு வாரம் என்று பதினைந்து நாள் நனைத்தார்கள். அதைவிட முக்கியம் பில்லர். தளத்துக்குத் தண்ணீர் கட்டுவதை எல்லாரும் செய்கிறார்கள், நிற்கிற பில்லரை யாரும் கண்டுகொள்வதில்லை. இவர்கள் சாக்கைச் சுற்றிக் கயிறு கட்டி விட்டார்கள். நனைப்பது என் வேலை, அதை முதலிலேயே எழுதி வாங்கிக்கொண்டார்கள். காலை, மத்தியானம், மாலை, ராத்திரி. பதினைந்து நாள் பட்டறைக்குச் சரியாகப் போகவில்லை. அதே கலவையில் சோதனைக்காக வார்த்து வைத்த கட்டிகளை 28-வது நாள் உடைத்துப் பார்த்ததில் மூன்று கட்டியும் 36-க்கும் 38-க்கும் நடுவில் தாங்கியது. எம்30-க்கு நல்ல எண்தான்.

இப்போது பெரிய குறை. வடகிழக்கு மூலைப் பில்லரின் அடியில் சென்ட்ரிங் பிரித்தபோது தேன்கூடு மாதிரி ஓட்டை. கலவையை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர் சரியாக இறங்கவில்லை. நான் பார்ப்பதற்குள் ஒரு கொத்தனார் சிமெண்டைக் குழைத்து அப்பிவிட்டார். ஈரம் காயாத திட்டைப் பார்த்து எனக்குச் சந்தேகம் வந்து, ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் உள்ளே போனது. அன்றைக்குப் பெரிய சத்தம். தம்பி வந்து பார்த்து, வாதாடாமல், கெட்டியான கான்கிரீட் தட்டுப்படும்வரை கொத்தி எடுத்துச் சுருங்காத சிமெண்ட் குழம்பு (கிரவுட்) ஊற்றி மூடினார், அவர்கள் செலவில். சரிசெய்தது பாராட்டத்தக்கது. ஆனால் நான் பார்க்காமல் இருந்திருந்தால்? அந்த மூலையை இன்னும் மாதம் ஒருதடவை தட்டிப் பார்க்கிறேன்.

போன் எடுக்க மாட்டார்கள். கதவு, டைல்ஸ், பெயிண்ட் எல்லாம் சுமார், அதில் இவர்களுக்கு ஆர்வமே இல்லை. அதற்கு வேறு ஆளைப் பாருங்கள்.

கணக்கு: மொத்தம் 21 லட்சத்து சொச்சம். சாதாரணமாகக் கட்டியிருந்தால் ஆகும் செலவைவிடக் கான்கிரீட்டுக்காகக் கூடியது, தண்ணீர், சிமெண்ட், கூடுதல் கனம், மருந்து, கட்டி சோதனை எல்லாம் சேர்த்து, சுமார் ஒரு லட்சத்து பத்தாயிரம். பழைய வீட்டுக்கு மூன்று ஒட்டும் இடிப்புக் கூலியும் அதைத் தாண்டிப் போயிருக்கும்.

தளம் போட்ட அதே வருடம் நவம்பர் 20-ல் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அன்றைக்கு எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். பூச்சு வேலைகூட முடியாத வீட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். மெயின் தளத்தில் ஒரு பொட்டுக் கசிவு இல்லை. மாடிப்படிக்கு மேலே கட்டிய தலைப்பறை தளத்தோடு சேருகிற இடத்தில் மட்டும் சுவரோரம் கோடாக இறங்கியது. சொன்னேன், இரண்டு மாதம் கழித்து வந்து சரிசெய்தார்கள். அடுத்த மழையில் ஒழுகவில்லை.

அம்மாவுக்கு இதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. தனுஷ்கோடியில் 1964 புயலுக்கு முந்தின கோயில் சுவர் இன்னும் நிற்கிறதே, அதை யார் இன்ஜினியர் வைத்துக் கட்டினார்கள் என்று கேட்கிறார்கள். அது பவளக்கல்லும் சுண்ணாம்பும். அதில் கம்பியே இல்லை, துருப்பிடிக்க ஒன்றும் இல்லை. இதை அம்மாவிடம் சொல்லி ஜெயிக்க முடியாது.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். ஒன்று தேன்கூட்டுக்கும் ஒன்பது நாள் கூலிக்கும் போச்சு. கடலிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் கட்டுகிறவர்கள், தினமும் சைட்டில் நிற்க வீட்டில் ஒரு ஆள் இருந்தால், தாராளமாக இவர்களிடம் கொடுக்கலாம். வெளிநாட்டில் இருந்துகொண்டு போனில் கட்டுகிறவர்களுக்கு இவர்கள் சரிப்பட மாட்டார்கள். வேலை எப்படி என்று பார்க்க வேண்டும் என்றால் வீட்டுக்கே வரலாம், ஞாயிறு காலை மட்டும் வேண்டாம், பூசைக்குப் போய்விடுவோம். சுத்தியல் நான் தருகிறேன், எங்கே வேண்டுமானாலும் தட்டுங்கள். வடகிழக்கு மூலையைச் சேர்த்து.